அச்சு முறுக்கு

எழுதுகிறவர்களைவிட எழுதச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் தமிழ்நாட்டில் அதிகமாகிவிட்டார்களோ என்று எனக்குக் கொஞ்ச நாளாக ஒரு சந்தேகம். கைப்பேசியைத் திறந்தால் இவர்கள்தாம். முப்பது நாளில் நாவல். ஏழு படிகளில் சிறுகதை. வாசகனைக் கட்டிப்போடும் முதல் வரிக்குப் பத்து மாதிரிகள். கட்டணம் உண்டு, சான்றிதழ் உண்டு, படித்துத் தேறியவர்களின் சிரித்த முகப் படங்களும் உண்டு. தட்டெழுத்துக்கும் சுருக்கெழுத்துக்கும் ஊருக்கு ஓர் 'இன்ஸ்டிடியூட்' இருந்த காலம் போய், இப்போது கதைக்கு வந்திருக்கிறது. தட்டெழுத்துப் பள்ளிக்கூடத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. அங்கே படித்தவனுக்கு விரல் பழகிற்று, வேலை கிடைத்தது. என்ன தட்ட வேண்டும் என்று மட்டும் அங்கே யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்தப் புதிய வாத்தியார்கள் நடத்துகிற பாடத்தை நான் நாலு இடத்தில் காது கொடுத்துக் கேட்டுப் பார்த்தேன். நாலும் ஒரே பாடந்தான். முதல் வரியில் வாசகன் திடுக்கிட வேண்டும். பத்தி இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது. போனால் கட்டைவிரல் தள்ளிவிட்டுப் போய்விடும். தெரியாத சொல் வரக் கூடாது. கதாநாயகிக்கு ஒரு காயம் வேண்டும், அதாவது மனக்காயம். அது மூன்றாம் அத்தியாயத்தில் வெளிப்பட வேண்டும். ஒவ்வோர் அத்தியாயமும் யாரோ கதவைத் தட்டுகிற இடத்தில் நிற்க வேண்டும். கடைசியில் வாசகனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உங்கள் வாழ்விலும் இப்படி ஒருவர் உண்டா? உண்டு, உண்டு என்று நூறு பேர் பதில் போடுவார்கள். நூறு பேர் பதில் போட்டால் அது நல்ல கதை.

அச்சு முறுக்கு உங்களுக்குத் தெரியும். நீளக் கம்பியின் நுனியில் பூப்போல ஓர் இரும்பு அச்சு. அதைக் கொதிக்கிற எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கி, மறுபடி எண்ணெயில் இறக்கினால் பூவாகக் கழன்று விழும். நூறு செய்தாலும் நூறும் ஒன்றுபோலவே இருக்கும். கூர்ந்து பார்த்தால் மாவைவிட ஓட்டைதான் அதிகம். நான் அதை இகழ்கிறவன் அல்லன். கிறிஸ்துமஸுக்கு அண்டை வீட்டிலிருந்து வந்தால் முதல் கை என்னுடையதுதான். ஆனால் அச்சு முறுக்கு சுடுகிற எந்த அம்மாளும் தன்னைச் சிற்பி என்று சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை. நம்முடைய வாத்தியார்கள் சொல்லிக்கொள்கிறார்கள். 'உங்களுக்குள் இருக்கும் எழுத்தாளனைக் கண்டுபிடியுங்கள்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே போனால் கையில் கொடுப்பது அச்சு.

சூத்திரம் பலிக்காது என்பது என் புகார் அல்ல. பேஷாகப் பலிக்கும். அதனால்தான் இவ்வளவு தூரம் எழுத வேண்டியிருக்கிறது. பலிக்காத மருந்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? எழுத உட்காருகிறவன் முன்னால் இரண்டு இருக்கின்றன. அவன் சொல்ல வந்த விஷயம் ஒன்று. அவன் பார்த்தது, கேட்டது, பட்டது எல்லாம் அதில் அடக்கம். அதைப் படிக்கப்போகிறவனின் முகம் இன்னொன்று. இரண்டும் வேண்டியவைதாம். எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் இருக்கிறது சங்கதி. விஷயத்தை முதலில் பார்க்கிறவன், இதற்கு எந்தச் சொல் ஒட்டும், எங்கே தொடங்கினால் இது தன் உருவத்தில் நிற்கும் என்று தேடித் தவிக்கிறான். அந்தத் தவிப்பில் அவனுக்கென்று ஒரு குரல் படிகிறது. சூத்திரக்காரன் முகத்தில் தொடங்குகிறான். இந்த இடத்தில் வாசகன் அழ வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. அழவைப்பதற்கு என்ன சாமான் கிடைக்கும் என்று விஷயத்துக்குள் புகுந்து துழாவுகிறான். வேண்டியதை எடுத்துக்கொள்கிறான். மற்றதெல்லாம் அவன் கண்ணில் படுவதேயில்லை. கண்ணில் படாதது எழுத்தில் எப்படி வரும்?

வெறும் தர்க்கமாகப் பேசினால் நம்பமாட்டீர்கள். நடந்ததைச் சொல்லுகிறேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் எனக்கு ஒரு கதை அனுப்பினார். பெயர் வேண்டாம். தாயார் உப்பளத்தில் வேலை செய்கிறவர். கதையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நாள் முழுவதும் உப்பு வாரிவிட்டு அம்மா வீட்டுக்கு வருகிறாள். பாதமெல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர். வாசலில் நின்றபடி, விலைக்கு வாங்கிய நல்ல தண்ணீரில் ஒரு செம்பு மொண்டு காலில் ஊற்றிக்கொள்கிறாள். அது உலைக்கு வைத்திருந்த தண்ணீர். மகள் ஒன்றும் சொல்லவில்லை. குடத்தைச் சாய்த்துப் பார்க்கிறாள். அவள் சாய்த்துப் பார்த்ததை அம்மா பார்த்துவிடுகிறாள். மறுநாள் அம்மா கால் கழுவாமல் உள்ளே வருகிறாள். மகள் செம்பை நீட்டுகிறாள், அம்மா வாங்கவில்லை. அவ்வளவுதான் கதை. எழுத்துப் பிழைகள் ஏராளம். நடுவில் இரண்டு பத்தி எதற்கு வந்தது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் அந்தச் செம்பை நான் மறக்கவில்லை. 'தம்பி, நிறுத்தாமல் எழுதுங்கள்' என்று பதில் போட்டேன்.

தம்பி நிறுத்தவில்லை. ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்துவிட்டார். ஆறு மாதம் கழித்து அதே கதை 'திருத்தப்பட்டு' வந்தது. அன்று மாலைக்குள் அம்மா செத்துப்போவாள் என்று காலையில் எனக்குத் தெரியாது, என்று முதல் வரி. ஆம், தாயாரைக் கொன்றுவிட்டார்கள். செம்பு போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு முதலாளி வந்திருந்தான். மகளுக்கு விதிப்படி ஒரு மனக்காயம். 'உப்பு வாருதல்' என்று எழுதியிருந்த இடமெல்லாம் 'உப்பு அள்ளுதல்' ஆகியிருந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். "வாருறதுன்னா தலை வாருறதுன்னு நினைச்சிருவாங்களாம் அண்ணாச்சி. புரியாத சொல்லு வந்தா படிக்கிறவங்க பாதியிலேயே விட்டுட்டுப் போயிருவாங்கன்னு வகுப்புல சொன்னாங்க" என்றார்.

அள்ளுவது வேறு, வாருவது வேறு. அள்ளுவது கையாலும் கூடையாலும். வாருவது, நீண்ட கழியின் நுனியில் பலகை கட்டி, பாத்தியில் படிந்த உப்பை அடியோடு இழுத்துக் கரையில் சேர்ப்பது. வெயிலில், உப்பு நீரில் நின்றுகொண்டு, முதுகும் தோளும் இற்றுப்போக இழுக்க வேண்டும். அந்தத் தாயார் வாழ்நாளெல்லாம் செய்துவருகிற வேலையின் பெயர் அது. அதைத் தெரியாத சொல் என்று ஒருவர், மகனிடமே பணம் வாங்கிக்கொண்டு, அடித்துக் கொடுத்திருக்கிறார். இதற்குப் பெயர் பயிற்சி!

இரண்டாவது கதைக்குப் படிக்கிறவர்கள் திரண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் கதையைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தம்பி என்னிடம் அந்தக் கணக்கைக் காட்டினார். கணக்குக்கு எதிராகப் பேச என்னிடம் ஒரு செம்புதான் இருந்தது.

'முதலில் விதிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு மீறுங்கள்' என்பது இவர்களுடைய பெரிய வாதம். சங்கீத வித்வான் ஸரளி வரிசை பாடவில்லையா என்று கேட்பார்கள். பாடினார். ஸரளி வரிசை குரலைப் பழக்குகிறது. எந்த இடத்தில் சபை கைதட்டும் என்று அது சொல்லிக்கொடுப்பதில்லை. எழுத்துக்கும் ஸரளி வரிசை உண்டு. ஒரு வாக்கியத்தில் வினைமுற்றை எங்கே நிறுத்தினால் என்ன ஆகிறது, ஒரே சம்பவத்தை மாமியார் சொன்னால் எப்படி, மருமகள் சொன்னால் எப்படி, ஒரு பக்கத்தை அரைப் பக்கமாக்கினால் எது போகிறது, எது மிஞ்சுகிறது — இதெல்லாம் அது. கம்பனிலிருந்து நேற்று வந்த கதை வரைக்கும் படிப்பது அது. அதற்கு முப்பது நாள் போதாது. ஆகவே அது பாடத்திட்டத்தில் இல்லை. தவிர, 'பிறகு மீறுங்கள்' என்கிறார்களே, அந்தப் 'பிறகு' என்றைக்கு வருகிறது? பத்தாயிரம் பேர் படிக்க ஆரம்பித்தபின் மீறினால் பத்தாயிரம் பேரும் போய்விடுவார்களே என்ற கிலி பிடித்துக்கொள்கிறது. நூறு பேர் இருக்கும்போது தைரியமாக இருக்க முடியாதவன் பத்தாயிரம் பேர் முன்னால் தைரியம் கொள்வான் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

'சந்தை அப்படி, நாங்கள் என்ன செய்வோம்' என்பது அடுத்த வாதம். இதற்கு நான் அமெரிக்காவிலிருந்தே சாட்சி கொண்டுவருகிறேன். இவர்கள் வைத்திருக்கிற அச்சுகளில் முக்கால்வாசி அங்கே வார்த்தவைதாம். அங்கே மட்டமான தாளில் கதைப் பத்திரிகைகள் அடித்து மலிவு விலைக்கு விற்ற காலத்தில் லெஸ்டர் டென்ட் என்று ஒருவர் இருந்தார். 1933ல் தொடங்கிய 'டாக் சாவேஜ்' என்ற சாகசக் கதை வரிசையில், கம்பெனி வைத்த புனைபெயரில், நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதித் தள்ளியவர். ஆறாயிரம் வார்த்தைக் கதைக்கு ஒரு சூத்திரம் வகுத்து அதைப் பகிரங்கமாகவே வெளியிட்டார். ஆறாயிரத்தை நாலு ஆயிரத்தைந்நூறாகப் பிரித்துக்கொள். முதல் பகுதியில் கதாநாயகன் தலையில் தொல்லையைக் கொட்டு. இரண்டாவதில் இன்னும் கொட்டு. மூன்றாவதில் மேலும் கொட்டு. நாலாவதில் கிட்டத்தட்டப் புதைத்தேவிடு. பிறகு அவன் தன் முயற்சியாலேயே எழுந்து வரட்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு திருப்பம். நம்மூர் வகுப்புகளில் இன்று விற்பது இந்தச் சரக்குதான். விலைச்சீட்டு மட்டும் புதிது. டென்ட்டை நான் குறை சொல்லமாட்டேன். தாம் செய்வது இன்னதென்று தெரிந்து செய்தவர் அவர். அதே டென்ட் 1936ல் 'பிளாக் மாஸ்க்' என்ற பத்திரிகைக்கு, ஜோசப் ஷா என்ற கண்டிப்பான ஆசிரியரிடம் மாட்டிக்கொண்டு, இரண்டே கதைகள் எழுதினார். துப்பறியும் கதைகளைத் தேர்ந்து தொகுக்கிறவர்கள் டென்ட்டிடமிருந்து எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த இரண்டைத்தான்; நூற்றைம்பது நாவலை அல்ல.

அந்தப் 'பிளாக் மாஸ்க்' பத்திரிகையும் மட்டமான தாளில் வந்ததுதான். அதே சந்தை, அதே மாதிரி வாசகன். அதில்தான் டாஷியல் ஹாமெட் எழுதினார். 'மால்ட்டீஸ் ஃபால்கன்' 1929 - 30ல் அங்கே தொடராக வந்த கதை. ஹாமெட், பிங்கர்ட்டன் என்ற துப்பறியும் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். ஓர் ஆளைப் பின்தொடர்ந்து போவதில் சாகசம் எவ்வளவு குறைவு, கால்வலி எவ்வளவு அதிகம் என்பது அவருக்குத் தெரியும். பொய் சொல்லுகிறவன் எப்படிப் பேசுவான் என்பது தெரியும். தெரிந்ததை, அந்தத் தொழில் செய்கிறவன் பேசுகிற மாதிரி எழுதினார். ஒரே கூடத்தில் இரண்டு பேர் வியாபாரம் செய்தார்கள். ஒருவர் அச்சோடு வந்தார், ஒருவர் அனுபவத்தோடு வந்தார். ஆகவே சந்தையின்மேல் பழிபோடுவதை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னபோது — தமிழ்ப் படிப்பு நிரம்பியவர் — அவர் என்னை மடக்கினார். 'சூத்திரம் வெளிநாட்டுச் சரக்கு என்கிறீர். தண்டியலங்காரம் என்ன? பாட்டியல் நூல்கள் என்ன? நம்முடைய முன்னோர் அச்சு வைத்துக்கொள்ளவில்லையா?' என்றார். வைத்துக்கொண்டார்கள், வாஸ்தவந்தான். பெருங்காப்பியம் என்றால் மலையும் கடலும் வர்ணிக்க வேண்டும், சூரியன் உதிக்க வேண்டும், சந்திரன் உதிக்க வேண்டும், கல்யாணம், முடிசூட்டு, சோலையில் விளையாட்டு, புனலாட்டு எல்லாம் வேண்டும் என்று தண்டியலங்காரம் ஜாப்தா போட்டுக் கொடுக்கிறது. ஆனால் அந்த ஜாப்தா முன்னால் இருந்த காப்பியங்களைப் பார்த்துப் போட்டது. இலக்கியம் முந்தியது, இலக்கணம் பிந்தியது என்பதை நம் இலக்கணக்காரர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிற்காலத்தில் ஜாப்தாவைப் பார்த்துக் காப்பியம் செய்தவர்களும் உண்டு. மலை இருக்கிறதா, இருக்கிறது; கடல் இருக்கிறதா, இருக்கிறது என்று சரிபார்த்து எழுதியவை. அவற்றைத் தேர்வுக்குப் படிக்கிற மாணவர்கள்கூட இன்று இல்லை.

பிள்ளைத்தமிழை எடுத்துக்கொள்ளுங்கள், அது இன்னும் நல்ல உதாரணம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவம். பருவத்துக்குப் பத்துப் பாட்டு. அம்புலிப் பருவத்தில் நிலாவைக் குழந்தையோடு விளையாடக் கூப்பிட வேண்டும். சாம, பேத, தான, தண்டம் நான்கையும் காட்டிக் கூப்பிட வேண்டும் என்பதுகூட வழக்கம். இதைவிடக் கெட்டியான அச்சு எங்கே இருக்கிறது? இந்த அச்சில்தான் பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் செய்தார். இதே அச்சில் சாமிகள்மேல், மடாதிபதிகள்மேல், நம் காலத்து அரசியல் தலைவர்கள்மேல் எத்தனையோ பிள்ளைத்தமிழ்கள் வந்துவிட்டன. மீனாட்சியம்மை நிற்கிறாள், மற்றவை பெரும்பாலும் மேடையோடு சரி. வித்தியாசம் எங்கே? பத்துப் பருவம் என்பது பாத்திரத்தின் அளவு. உள்ளே என்ன ஊற்ற வேண்டும், குடிக்கிறவன் முகம் எப்படிப் போக வேண்டும் என்று அது சொல்வதில்லை. குமரகுருபரர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு தம் ஊற்றிலிருந்து நிரப்பினார். வெண்பாவுக்கு நாலடி, சிறுகதைக்குச் சில பக்கம், வாரப் பத்திரிகைத் தொடருக்கு வாரத்துக்கு இவ்வளவு என்பதெல்லாம் பாத்திரங்கள். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. பாத்திரத்தோடு பாலையும் அவர்களே புட்டியில் அடைத்துத் தருகிறார்களே, அங்கேதான் சண்டை.

நண்பர் ஒப்புக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். அவர் எதையும் ஒப்புக்கொள்கிறவர் அல்லர்.

டென்ட் தம் வரிசையைத் தொடங்கிய அதே 1933ல் சென்னையில் 'மணிக்கொடி' தொடங்கியது. அடுத்த வருஷம் அதில் எழுத ஆரம்பித்தார் புதுமைப்பித்தன். 1948ல் மறைந்தார். பதினைந்து வருஷத்துக்குள் நூறு கதை அளவுக்கு எழுதிய மனிதர் எந்த வகுப்பிலும் தேறியிருக்கமாட்டார். 'செல்லம்மாள்' கதையைப் பாருங்கள். ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவருடைய நோயாளி மனைவியின் சாவைப் பற்றிய கதை. அவள் சாவாளா, பிழைப்பாளா என்று வாசகனைக் கடைசி வரை இழுக்க வேண்டும் என்பது விதி. புதுமைப்பித்தனோ தொடக்கத்திலேயே அவள் உயிரைப் போக்கிவிடுகிறார். இனி என்ன ஆகும் என்ற கேள்விக்கு அங்கே வேலையே இல்லை. அதனால்தான் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் சென்னையில் ஒரு வீட்டுக்குள் எப்படி இருந்தார்கள், ஒருவர் நோவை ஒருவர் எப்படிச் சுமந்தார்கள் என்பதை நாம் நிதானமாகப் பார்க்க முடிகிறது. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் பிராட்வே மூலையில் பிரத்தியட்சமாகிறார். அவரோடு காப்பி சாப்பிட்டு, அவரைத் தம்முடைய வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராக்கப் பார்க்கிறார் கந்தசாமிப் பிள்ளை. இரண்டையும் ஒரே ஆள் எழுதினார் என்பதற்கு நடையில் அத்தாட்சி தேடினால் சிரமந்தான். ஒன்று அழுத்தி அழுத்திப் போகிறது. மற்றது குஷியாகத் துள்ளுகிறது. ஆனாலும் இரண்டும் அவர் குரல். எதிரே இருப்பதை, அது கடவுளானாலும் பிணமானாலும், கண்ணைத் தாழ்த்தாமல் பார்க்கிற ஒரு பார்வை இரண்டிலும் இருக்கிறது. குரல் என்றால் நடையில் போட்டுக்கொள்கிற ஒரு மினுக்கு என்று நினைக்கிறவர்கள் இந்த இரண்டு கதையையும் அடுத்தடுத்துப் படிக்கட்டும்.

கி. ராஜநாராயணன் கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற கிராமத்து விவசாயி. பள்ளிக்கூடப் படிப்பை முடிக்காதவர். முப்பது வயது தாண்டிய பிறகே கதை எழுத வந்தார். அவருடைய 'கதவு' என்ற கதையில் கதாநாயகன் ஒரு கதவுதான். குழந்தைகள் அதில் தொற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காக அதைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதவைத் தட்டுகிற இடத்தில் அத்தியாயத்தை நிறுத்து என்று சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்களுக்கு, கதவே இல்லாமல் போன வீட்டில் பனிக்காற்று வந்து படுத்தும் பாட்டை எழுதலாம் என்று தோன்றுமா? ராஜநாராயணன் தெரியாத சொல்லுக்கும் பயப்படவில்லை. கரிசல்காட்டுச் சொற்களாகவே எழுதினார். போதாதென்று கரிசல் வட்டாரத்துக்கு ஓர் அகராதியும் தொகுத்தார். வாசகன் ஓடிவிடவில்லை, அகராதியை வைத்துக்கொண்டு படித்தான். பிற்காலத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது. பாமாவின் 'கருக்கு' 1992ல் வந்தபோதும் இதே கதைதான். ஊரும் சேரியும் பேசுகிற பேச்சிலேயே ஒரு புத்தகம் முழுவதையும் எழுதுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. புத்தகம் இன்று பல மொழிகளில் படிக்கப்படுகிறது.

அசோகமித்திரனைச் சொல்லாமல் விட முடியாது. 'தண்ணீர்' என்ற அவருடைய நாவலில் சென்னையில் ஒரு தெரு. குழாயில் தண்ணீர் வரவில்லை. சத்தம் போடாமல், ஆச்சரியக்குறி போடாமல், பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார். அதைப் படித்துவிட்டு ஒரு குடம் தண்ணீரைப் பார்த்தால் முன்போல் பார்க்க முடியாது.

இங்கே இன்னொரு கூட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் நான் தங்கள் கட்சி என்று நினைத்துக்கொள்வார்கள். 'தனித்துவம்' என்ற பெயரில் எழுவாயைப் பயனிலைக்கு எட்டாமல் ஒளித்து வைக்கிறவர்கள் இவர்கள். புரிந்துவிட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று நம்புகிறவர்கள். இதுவும் அச்சுதான்; அச்சில் கொஞ்சம் கோணல் அதிகம், அவ்வளவே. இவர்களுக்கு அண்ணன்மார் சிலர் உண்டு. லா. ச. ராமாமிருதத்தின் வாக்கியம் மந்திரம்போல் ஓடுகிறது என்பதைக் கேட்டுவிட்டு மந்திரம் முணுமுணுக்க ஆரம்பித்தவர்கள் ஒரு தலைமுறை. மௌனியின் கதைகள் மொத்தமே இருபத்துச் சொச்சம்; அவரைப் போல எழுதியவை எத்தனையோ. சுஜாதா, படியில் இறங்குவதைக் காட்ட எழுத்துக்களைப் படிபோல அடுக்கிப் போட்டார். அவருக்கு அந்தக் கணத்தில் அது வேடிக்கையாக இருந்தது, போட்டார். பிறகு தமிழ்நாட்டில் ஒருவரும் படியில் ஒழுங்காக இறங்கவில்லை. ஒருவருக்குக் குரலாக இருந்தது அடுத்தவர் கைக்குப் போனதும் அச்சாக இறுகிவிடுகிறது. ஆரம்பத்தில் ஓர் ஆசானைப் போல எழுதிப் பார்ப்பது தவறில்லை. எல்லோரும் அப்படித்தான் நடை பழகுகிறோம். ஆசான் செருப்பிலேயே கடைசி வரை நடக்கிறேன் என்றால் காலில் கொப்புளந்தான் மிச்சம்.

இப்போது இன்னொரு சங்கதி வந்து சேர்ந்திருக்கிறது. சொன்னால் எழுதித் தருகிற யந்திரம். திடுக்கிடும் முதல் வரி, மூன்றாம் அத்தியாயத்தில் மனக்காயம், முடிவில் கேள்வி என்று நீங்கள் ஜாப்தா கொடுத்தால் அது காப்பி ஆறுவதற்குள் கதையை நீட்டிவிடுகிறது, தமிழிலும் நீட்டுகிறது. டென்ட் நாள்கணக்கில் தட்டியதை நிமிஷத்தில் தட்டுகிறது. இதைப் பார்த்து எழுத்தாளர்கள் பலர் நடுங்குகிறார்கள். அச்சை நம்பிப் பிழைக்கிறவர்கள் நடுங்க வேண்டியதுதான். அவர்களைவிடச் சுத்தமாக, அலுக்காமல், கூலி கேட்காமல் அது முறுக்குச் சுடும். முன்னால் பலர் எழுதிவைத்ததையெல்லாம் விழுங்கி அதிலிருந்து பொதுவாக எடுத்து வைப்பது அதன் சுபாவம். அந்தத் தூத்துக்குடித் தாயார் வாசலில் நின்று ஊற்றிய செம்பை அது பார்க்கவில்லை. பார்த்தவர் ஒருவர்தான். அவரையும் 'அள்ளுதல்' என்று எழுதப் பழக்கிவிட்டோமானால், அப்புறம் அந்தச் செம்பைப் பற்றி இந்த உலகத்துக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

அவரிடம் நான் என்ன சொன்னேன் என்று சிலர் கேட்கக்கூடும். பழைய பிரதி இருக்கிறதா தம்பி என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அதை அழித்துவிடாதீர்கள் என்று சொன்னேன். வேறு உபதேசம் எனக்குத் தெரியவில்லை. இப்படி எழுது என்று சொல்ல ஆரம்பித்தால் நானும் ஒரு பலகை மாட்ட வேண்டியதுதான்.

சோற்றுக்கு என்ன வழி என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நியாயமான கேள்வி. இந்த நாட்டில் கதை எழுதி மட்டும் குடும்பம் நடத்தியவர்கள் வெகு சிலர். வாரம் இரண்டு அத்தியாயம் அச்சில் வார்த்து விற்று, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுகிற ஒருவரைப் பார்த்து நான் விரல் நீட்டமாட்டேன். முறுக்குக் கடை வைப்பது கௌரவமான தொழில். கடை கடையாக இருக்கட்டும், பலகையில் 'முறுக்குக் கடை' என்று எழுதியிருக்கட்டும். ராத்திரி கடையைச் சாத்திய பிறகு, யாருக்கும் விற்காத ஒரு பக்கத்தைத் தனக்காக எழுதிவைத்தால் இன்னும் விசேஷம். எத்தனையோ பேர் ஆபீஸில் கோப்பு எழுதிவிட்டு வந்து அப்படித்தான் எழுதினார்கள்.

வாத்தியார்களுக்கும் நான் பிழைப்பைக் கெடுக்க நினைக்கவில்லை. சொல்லிக்கொடுக்க எவ்வளவோ இருக்கின்றன. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று சொல்லிக்கொடுக்கட்டும். அச்சுப் படிவம் திருத்துவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கட்டும். பதிப்பாளர் நீட்டுகிற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் எந்தெந்த வரியைப் படிக்க வேண்டும், ராயல்டி கணக்கை எப்படிக் கேட்டு வாங்குவது என்று சொல்லிக்கொடுக்கட்டும். அதற்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். பழைய கதை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு பத்துப் பேராக உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கட்டும். அப்படி ஒரு வகுப்பு எங்கேயாவது நடந்தால், கட்டணம் என்னவென்று எனக்கும் எழுதுங்கள். முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன். வல்லினம் மிகும் இடங்களில் எனக்கு இன்னும் இரண்டொரு சந்தேகம் பாக்கியிருக்கிறது.